இணையத்துக்கு அனிமேஷன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சின்னதாக ஒரு அனிமேஷன் செய்து வலைப்பக்கத்தில் போட நினைப்பவர்கள் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறோம். உதாரணம் தேவைப்படும் இடங்களில் ஒரு குத்துவிளக்குச் சுடரை எடுத்துக்கொண்டோம். வரைய எளிது, ஆனால் தப்புகள் எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும்.

1. அனிமேஷன் பண்ண ஆசை. எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்? காசு கட்டணுமா?

காசு வேண்டாம். கையால் வரைபவர்களுக்கு பென்சில்2டி, கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம். முதல் நாளே ஏதாவது ஓடிப் பார்க்க வேண்டுமென்றால் பென்சில்2டி. தூரிகை, வண்ணம் எல்லாம் நன்றாக வர வேண்டுமென்றால் கிரிட்டா. ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருள்தான் 2016இல் ஓப்பன்டூன்ஸாக மூலநிரலோடு வெளியானது. அதில் வசதிகள் ஏராளம், ஆனால் முதல் வாரம் மண்டை காயும். முப்பரிமாணமும் கைவரைவும் கலக்க நினைப்பவர்களுக்கு பிளெண்டரின் கிரீஸ் பென்சில் இருக்கிறது.

பட்டன், லோகோ, ஐகான் போன்றவற்றை அசைக்க மட்டும்தான் வேண்டுமென்றால் இவை எதுவும் தேவையில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகருவியில் வடிவத்தை வரைந்து எஸ்விஜியாக, அதாவது கோடுகளும் வடிவங்களுமாகப் பதிவாகும் படக்கோப்பாகச் சேமித்தால் போதும். அசைவை, வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் எழுதிவிடலாம்.

2. பழைய ஃபிளாஷ் ஃபைல் நிறைய இருக்கு. இப்ப அதை ஓட்ட முடியுமா?

பிரவுசரில் நேரடியாக ஓடாது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தைத் தடுக்கத் தொடங்கியது.

உங்களிடம் மூலக்கோப்பு, அதாவது எஃப்எல்ஏ, இருந்தால் அடோபி அனிமேட்டில் திறக்கலாம். ஃபிளாஷ் புரொஃபெஷனலுக்கு 2016 முதல் அதுதான் பெயர். எச்டிஎம்எல்5 கேன்வாஸாக, அதாவது பிரவுசரே வரைந்து காட்டும் வடிவமாக மாற்றும்போது படங்களும் டைம்லைனும் வந்துவிடும், ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் வராது. அதை ஜாவாஸ்கிரிப்ட்டில் புதிதாகத்தான் எழுத வேண்டும். ஓட்டுவதற்கென ஏற்றுமதியான எஸ்டபிள்யூஎஃப் கோப்பு மட்டும் இருந்தால், ஃபிளாஷ் பிளேயரின் வேலையைச் செய்யும் ரஃபிள் என்ற இலவச எமுலேட்டரைப் பக்கத்தில் சேர்த்துப் பாருங்கள். வெறும் அனிமேஷன் பெரும்பாலும் ஓடிவிடும். சிக்கலான விளையாட்டுகள் சொல்ல முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

3. ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரையணும்? 24 வரைஞ்சே ஆகணுமா?

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம், ஓடுகிறது. ஆனால் கையால் வரையும் அனிமேஷனில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது பழைய வழக்கம். ஆக, 12 படம் போதும். வேகமாகக் கை வீசுவது, பந்து பாய்வது போன்ற இடங்களில் மட்டும் 24 வரைந்தால் உறுத்தாது. இணையத்தில் திரும்பத் திரும்ப ஓடும் சின்ன லூப் என்றால் 8 முதல் 12 படமே தாராளம். நம் விளக்குச் சுடருக்கு 8 படம் எடுத்துக்கொள்வோம்.

4. ஜிஃப், வீடியோ, எஸ்விஜி, லாட்டி... எதுல போடணும்னே புரியலை. ஒண்ணு சொல்லுங்க.

இதை வரைந்து முடித்த பிறகு கேட்கிறார்கள். வரைவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. கீழே வரும் கேள்விகளில் பாதி, தப்பான வடிவத்தில் தொடங்கியதால் வந்தவைதான்.

தட்டையான நிறம், தெளிவான விளிம்பு, சில வடிவங்கள் மட்டும் அசைகின்றன என்றால் எஸ்விஜியும் சிஎஸ்எஸ்ஸும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, கோப்பும் சிறியது. அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் வடிவங்களை வைத்து செய்தது என்றால் லாட்டி (அது என்னவென்று 14ஆம் கேள்வியில்). தூரிகை வரைவு, நிழல், புகைப்படம், கேமராவில் எடுத்தது என்றால் வீடியோ. சில ஃபிரேம்களே உள்ள, பின்னணி ஊடுருவித் தெரிய வேண்டிய சின்ன படம் என்றால் அசையும் வெப்பி அல்லது ஏபிஎன்ஜி என்ற பட வடிவம். பயனர் தொட்டால், இழுத்தால் மாற வேண்டும் என்றால் கேன்வாஸ் அல்லது ரைவ் என்ற ஊடாடும் அனிமேஷன் கருவி.

ஜிஃப்? வேறு எதையும் ஏற்காத இடத்துக்கு மட்டும். மின்னஞ்சல் அப்படிப்பட்ட இடம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு: விண்டோஸில் அவுட்லுக் 2007 முதல் 2019 வரையான பதிப்புகள் பல, ஜிஃப்பின் முதல் ஃபிரேமை மட்டுமே காட்டும். அதனால் சொல்ல வேண்டிய சேதி முதல் ஃபிரேமிலேயே இருக்கட்டும்.

5. நாலு செகண்ட் ஜிஃப், ஆனா பல எம்பி வருது. எப்படிக் குறைக்கிறது?

ஜிஃப் 1987இல் வந்த வடிவம். ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான், சுருக்கும் முறையும் அந்தக் காலத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 800க்கு 800 பிக்சல், விநாடிக்கு 25 ஃபிரேம், 4 விநாடி என்றால் 100 ஃபிரேம், மொத்தம் 6 கோடியே 40 லட்சம் பிக்சல். அதையே 400க்கு 400 ஆக்கி, ஃபிரேமையும் பாதியாக்கினால் 80 லட்சம். எட்டில் ஒரு பங்கு. முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான்.

அடுத்து, நிறங்களை 64க்குக் குறையுங்கள். நிறக்குறையை மறைக்கப் புள்ளி தூவும் டிதரிங்கை நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். அந்தப் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் சுருக்கம் கெட்டுப்போகிறது. பின்னணியில் கிரெயின் (பொடிப்புள்ளி), கிரேடியன்ட் (மெல்ல மாறும் நிறம்) இருந்தால் எடுத்துவிடுங்கள். அசையாத பின்னணி உண்மையிலேயே ஒரு பிக்சல் கூட மாறாமல் இருக்க வேண்டும். கையால் ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்ப வரைந்த பின்னணி, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கோப்புக்கு வேறு வேறுதான். கடைசியில் ஜிஃப்சிகிள் என்ற ஜிஃப் சுருக்கும் கருவியின் லாஸி வசதியில் (கொஞ்சம் தரத்தை விட்டு எடையைக் குறைப்பது) ஒருமுறை ஓட்டுங்கள். இவ்வளவுக்கும் பிறகு 1 எம்பிக்கு மேல் நின்றால் அது ஜிஃப்பாக இருக்க வேண்டிய சங்கதியே இல்லை, வீடியோவாக்குங்கள்.

6. வெள்ளைப் பக்கத்துல நல்லா இருக்கு. கறுப்புப் பக்கத்துல போட்டா ஓரத்துல வெள்ளைக் கோடு!

ஜிஃப்பில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, அரைகுறை ஊடுருவல் கிடையாது. விளிம்பை மென்மையாக்க மென்பொருள் சேர்க்கும் பாதி நிறப் பிக்சல்கள் வெள்ளையோடு கலந்து நிரந்தரமாகிவிடுகின்றன. ஏற்றுமதி செய்யும்போது மேட் என்ற இடத்தில் பக்கத்தின் பின்னணி நிறத்தைக் கொடுத்தால் கோடு மறையும். பக்கம் இரவு, பகல் இரண்டு நிறத்திலும் மாறுமானால் அசையும் வெப்பி அல்லது ஏபிஎன்ஜிதான் வழி. ஏபிஎன்ஜியை ஃபயர்ஃபாக்ஸ் 2008லேயே ஏற்றது, குரோம் 2017இல்தான் வந்து சேர்ந்தது. அசையும் வெப்பி சஃபாரியில் 2020 முதல் ஓடுகிறது. இப்போது இரண்டையும் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

7. 60 எஃப்பிஎஸ்னு வச்சு ஜிஃப் எடுத்தேன். ஆமை மாதிரி நகருது.

ஜிஃப் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் விநாடியில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில், முழு எண்ணாகத்தான் எழுதி வைக்கும். 60 எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு 60 ஃபிரேம், என்றால் 1.67 வர வேண்டும். அது 1 என்று பதிவானால் பிரவுசர்கள் அதை நம்பாமல் 10 என்று எடுத்துக்கொள்கின்றன. அதாவது விநாடிக்கு 10 ஃபிரேம். ஆமை வந்தது அப்படித்தான்.

சரியாக வகுபடும் வேகங்களை வையுங்கள்: 10, 12.5, 20, 25. இவற்றுக்கு நேரம் முறையே 10, 8, 5, 4. விநாடிக்கு 12 என்று வைத்தால் 8.33 முழு எண்ணாகி 8 ஆகும், கொஞ்சம் வேகமாக ஓடும். தனி ஜிஃப்பில் அது தெரியாது. இரண்டு ஜிஃப்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் மெல்ல விலகிப்போவது தெரியும்.

8. லூப் திரும்புற இடத்துல ஒரு சின்ன நிறுத்தம் தெரியுது. ஏன்?

முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றாக வைத்திருப்பீர்கள். அப்போது அதே படம் இரண்டு முறை வரும், கண் அதைத் தடுக்கல் என்று பிடித்துவிடும். நம் எட்டுப் படச் சுடரில் 9ஆவது படம் 1ஆவதுக்குச் சமமாகும்படி வரையுங்கள், ஆனால் 1 முதல் 8 வரை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள்.

இன்னொரு காரணம் வேகம். சிஎஸ்எஸ்ஸில் எதுவும் சொல்லாவிட்டால் அசைவு மெல்லத் தொடங்கி மெல்ல முடியும். சுழலும் சக்கரத்துக்கு அது வந்தால் சுற்றுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். நிற்காமல் சுற்ற வேண்டியதற்கு எப்போதும் லீனியர், அதாவது ஒரே சீரான வேகம்.

9. எட்டுப் படத்தை வச்சு சுடரை சிஎஸ்எஸ்ல ஓட்டுறது எப்படி? ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஓடுறதும் தெரியக் கூடாது.

ஒவ்வொரு படமும் 300க்கு 300 பிக்சல் என்றால், எட்டையும் கிடைமட்டமாக ஒட்டி 2400க்கு 300 என்ற ஒரே படமாக்குங்கள். 300 பிக்சல் அகலப் பெட்டிக்கு அதைப் பின்னணியாக வைத்து, பின்னணியின் இடத்தை 0 முதல் மைனஸ் 2400 வரை நகர்த்துங்கள். எட்டுத் தாவலாக நகர டைமிங்கில் ஸ்டெப்ஸ் 8 என்று கொடுத்து, கால அளவு 0.8 விநாடி, நிற்காமல் ஓட இன்ஃபினிட். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்: கடைசிப் படம் மைனஸ் 2100இல் இருக்கிறது என்று 2100 எழுதிவிடுகிறார்கள். அப்போது ஒரு தாவல் 262.5 பிக்சல் ஆகிவிடும், சுடர் பெட்டிக்குள் பக்கவாட்டில் வழுக்கும். கடைசி இடத்தைத் தாண்டி முழு 2400 கொடுத்தால்தான் ஒவ்வொரு தாவலும் 300 ஆகும். பக்கத்துப் படத்தின் ஓரம் கசிந்து தெரிந்தால் ஒவ்வொரு படத்தின் இரு ஓரத்திலும் 2 பிக்சல் காலியாக விடுங்கள்.

0.8 விநாடி லூப்பை யார் பார்த்தாலும் நாலாவது சுற்றில் கண்டுபிடித்துவிடுவார்கள். படம் கூட்டி வரைய வேண்டாம். சுடருக்குப் பின்னால் மங்கிய ஒளிவட்டம் ஒன்றைத் தனியாக வைத்து, அது சற்றே பெரிதாகிச் சுருங்கும் அசைவை 1.3 விநாடிக்குக் கொடுங்கள். 0.8உம் 1.3உம் மறுபடி ஒன்றாகச் சேர 10.4 விநாடி ஆகும். எட்டே படத்தில் பத்து விநாடிச் சுடர். பெட்டியையே அடிப்பாகத்தை நிலையாக வைத்து ஓரிரு டிகிரி சாய்க்கும் மூன்றாவது அசைவு சேர்த்தால் இன்னும் இயல்பாக இருக்கும். திரியில் ஒட்டியிருக்கும் அடி மட்டும் அசையவே கூடாது.

இந்த முறையில் பெரிய படங்களை அடுக்காதீர்கள். கோப்பு சிறிதாக இருந்தாலும் நினைவகத்தில் விரிந்தால் பிக்சலுக்கு 4 பைட். 1000க்கு 1000 அளவில் 60 படம் என்றால் 240 எம்பி. விலை குறைந்த போனில் டேப் அப்படியே மூடிக்கொள்ளும்.

10. வீடியோ போட்டேன். லேப்டாப்ல தானா ஓடுது, போன்ல ஓடலை.

வீடியோ குறிச்சொல்லில் நான்கு பண்புகளும் ஒன்றாக இருக்க வேண்டும்: ஆட்டோபிளே, மியூட்டட், லூப், பிளேஸ்இன்லைன். ஒலி உள்ள வீடியோவைப் பயனர் தொடாமல் ஓடவிட பிரவுசர்கள் சம்மதிப்பதில்லை. குரோம் 2018 முதல் இதில் கண்டிப்பாக இருக்கிறது. பிளேஸ்இன்லைன் இல்லையென்றால் ஐபோன் வீடியோவை முழுத்திரையில் திறக்கும். ஒலி தேவையே இல்லையென்றால் ஒலித்தடத்தையே நீக்கிவிடுங்கள், எடையும் குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒருவருடைய ஐபோனில் மட்டும் நின்றால் அவர் லோ பவர் மோடில் இருக்கிறாரா என்று கேளுங்கள். அந்த நிலையில் தானாக ஓடுவது நிறுத்தப்படும். உங்கள் நிரலில் தப்பில்லை. அதற்காகவே, வீடியோ ஓடாதபோது தெரியும் போஸ்டர் படம் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள், நின்றாலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும்.

11. எம்பி4தான் போட்டிருக்கேன். சில இடத்துல ஓடவே இல்லை, சில இடத்துல முழுசா இறங்கின பிறகுதான் ஆரம்பிக்குது.

இரண்டு வெவ்வேறு நோய். ஓடவே இல்லையென்றால் நிற வடிவத்தைப் பாருங்கள். அனிமேஷன் மென்பொருள்கள் சில, நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 வடிவத்தில் தருகின்றன. பிரவுசர்கள் எங்கும் ஓட்டக்கூடியது எச்.264 என்ற சுருக்கமுறை, 8 பிட், நிறத் தகவலைக் குறைத்து வைக்கும் 4:2:0. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் பிக்சல் வடிவத்தை ஒய்யுவி420பி என்று சொல்லி மாற்றுங்கள். அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். 401 பிக்சல் என்றால் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும்.

தாமதமாகத் தொடங்கினால், வீடியோவின் அட்டவணைப் பகுதி கோப்பின் கடைசியில் இருக்கிறது. ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற தேர்வைக் கொடுத்தால் அது முன்னால் வரும். ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மாற்றியில் வெப் ஆப்டிமைஸ்டு என்று இருப்பதும் அதுவே. தரத்துக்கான சிஆர்எஃப் எண் 23இல் தொடங்குங்கள். எண் கூடினால் எடை குறையும், தரமும் குறையும். கார்ட்டூன் போன்ற தட்டை நிறங்களுக்கு 26, 28 வரை போனாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அடர்சிவப்புக் கோடுகளை மட்டும் உற்றுப் பாருங்கள், 4:2:0இல் முதலில் கலங்குவது அவைதான்.

12. பின்னணி இல்லாத வீடியோ போட முடியுமா?

முடியும், ஆனால் இரட்டை வேலை. குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் விபி9 சுருக்கத்தில் வெப்எம், ஆப்பிள் கருவிகளுக்கு ஆல்ஃபாவோடு (ஊடுருவல் தகவலோடு) கூடிய எச்இவிசி என இரண்டு கோப்பு தயாரிக்க வேண்டும். சின்ன படமென்றால் அசையும் வெப்பி போதும். பக்கத்தின் பின்னணி ஒரே நிறம் என்றால் அந்த நிறத்தையே வீடியோவுக்குள் வைத்துவிடலாம், ஆனால் சுருக்கத்தில் நிறம் ஒரு நூல் மாறி ஓரம் தெரியும். ஓரங்களை மங்கலாக்கி மறையுங்கள்.

13. எஸ்விஜில சக்கரத்தைச் சுத்த விட்டா, சுத்தாம பக்கத்தையே வலம் வருது.

எச்டிஎம்எல் பெட்டிகளுக்குச் சுழல் மையம் பெட்டியின் நடுவில். எஸ்விஜிக்குள் இருக்கும் வடிவங்களுக்கோ அது முழுப் படத்தின் இடது மேல் மூலை. அதனால் உங்கள் சக்கரம் அந்த மூலையைச் சுற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்ம் பாக்ஸ் என்ற பண்புக்கு ஃபில் பாக்ஸ் என்றும், டிரான்ஸ்ஃபார்ம் ஆரிஜினுக்கு சென்டர் என்றும் கொடுங்கள், சரியாகிவிடும். நம் சுடருக்கு ஆரிஜின் நடுவில் அல்ல, அடியில்.

கோப்பைச் சுருக்கும் கருவியில் ஓட்டிய பிறகு அசைவு நின்றுபோனதா? அது தேவையற்றது என்று எண்ணி அடையாளப் பெயர்களையும் குழுக்களையும் தூக்கியிருக்கும். அமைப்பில் அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று: எஸ்விஜியைப் படக் குறிச்சொல்லில் வைத்தால் அதற்குள்ளே எழுதிய சிஎஸ்எஸ் அசைவு ஓடும், ஸ்கிரிப்ட் ஓடாது, வெளியிலிருந்து எழுத்துருவும் ஏறாது.

14. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல அழகா இருந்தது. லாட்டியா மாத்தினா பாதியைக் காணோம்.

லாட்டி ஒரு வீடியோ அல்ல. வடிவங்களையும் அவை நகரும் எண்களையும் எழுதி வைத்த ஜேசான் என்ற எழுத்துக் கோப்பு. ஏர்பிஎன்பி நிறுவனம் 2017இல் வெளியிட்டது. லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்மணியின் பெயரை அதற்கு வைத்தார்கள். காகிதத்தில் வெட்டிய நிழலுருவங்களை வைத்து 1926லேயே முழுநீளப் படம் எடுத்தவர்.

வடிவ அடுக்கு, நிலை, அளவு, சுழற்சி, மாஸ்க், டிரிம் பாத் இவை நம்பகமாக வரும். பிளர், கிளோ, துகள்கள், மூன்றாம் தரப்பு எஃபெக்ட்கள், பல எக்ஸ்பிரஷன்கள் வராது. தொடங்கும்போதே அவற்றைத் தவிர்ப்பதுதான் ஒரே மருந்து. புகைப்படத்தைச் சேர்த்தால் ஜேசானுக்குள் அது எழுத்துக் குவியலாகப் போய் அமர்ந்து எடை எகிறும். எழுத்துகளை வடிவமாக மாற்றிவிடுங்கள். தமிழ் எழுத்து என்றால் கட்டாயம் மாற்றுங்கள்.

15. கம்ப்யூட்டர்ல வழுக்கிட்டு ஓடுது. போன்ல திக்கித் திணறுது.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. லெஃப்ட், டாப், விட்த், ஹைட் ஆகியவற்றை அசைத்தால் பிரவுசர் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்கத்தின் அமைப்பையே மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டையும் அசைத்தால் அந்த வேலை இல்லை. நகர்த்த, பெரிதாக்க, சாய்க்க, மறைக்க இவை இரண்டே போதும். நிழலையும் பிளரையும் அசைக்காதீர்கள். நிழலுள்ள இன்னொரு நகலை மேலே வைத்து அதன் ஒபாசிட்டியைக் கூட்டிக் குறைத்தால் அதே தோற்றம் கிடைக்கும்.

இது அசையப்போகிறது என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் வில்சேஞ்ச் என்ற பண்பை எல்லாவற்றுக்கும் தெளிப்பது இன்னொரு பழக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு உருவாகி நினைவகத்தைத் தின்னும். குரோமின் டெவலப்பர் கருவிகளில் பெயிண்ட் ஃபிளாஷிங்கை இயக்கிப் பாருங்கள். அசையும் இடம் விடாமல் பச்சையாக மின்னினால் அங்கே வேலை அதிகம். சிபியுவை 4 மடங்கு, 6 மடங்கு மெதுவாக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

16. பட்டன், மெனு எல்லாம் எவ்வளவு நேரம் அசையணும்?

200 முதல் 300 மில்லிவிநாடி. முழுத்திரை மாற்றத்துக்கு 400, 500 வரை. உள்ளே வருவது வேகமாக வந்து மெல்ல நிற்கட்டும், வெளியே போவது மெல்லக் கிளம்பி வேகமாகப் போகட்டும். செய்தவருக்கு 600 மில்லிவிநாடி அழகாகத்தான் இருக்கும். ஒரு நாளில் நாற்பது முறை அந்த மெனுவைத் திறப்பவருக்கு அல்ல.

17. என் புது போன்ல பந்து ரெண்டு மடங்கு வேகமா ஓடுது. கோட்ல எதையும் மாத்தலை.

ஃபிரேமுக்கு 5 பிக்சல் என்று நகர்த்தியிருக்கிறீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது விநாடிக்கு 300 பிக்சல், 120 ஹெர்ட்ஸில் 600. ஃபிரேமுக்கு ஒருமுறை உங்கள் நிரலை அழைக்கும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் ஒவ்வொரு முறையும் தரும் நேரத்தை வைத்து, போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்று பார்த்து வேகத்தோடு பெருக்குங்கள். அந்த இடைவெளிக்கு ஒரு மேல்வரம்பும் வையுங்கள், 50 மில்லிவிநாடி போதும். டேப் பின்னால் போனால் அழைப்பு நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் அந்தப் பத்து நிமிடத்தையும் ஒரே தாவில் தாண்டப் பார்க்கும் பந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு போகும்.

18. என் கம்ப்யூட்டர்ல ஓடுது. சர்வர்ல ஏத்தினா படமே வரலை. சில சமயம் உல்டா.

முதல் சந்தேகம் கோப்பின் பெயர். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், இடையில் ஹைஃபன் என்று மட்டும் பெயர் வையுங்கள். இடைவெளி வேண்டாம், தமிழ்ப் பெயரும் இங்கே வேண்டாம், ஜிப்பில் போய்வரும்போது சிதையும். பாதை சி டிரைவ் என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

உல்டாவாக, சர்வரில் ஓடி உங்கள் கணினியில் ஓடவில்லை என்றால், கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பீர்கள். அப்படித் திறந்த பக்கம் இன்னொரு ஜேசானை எடுத்துப் படிக்கப் பாதுகாப்பு விதி விடாது. விஎஸ் கோட்டின் லைவ் சர்வர் அல்லது பைத்தானோடு வரும் சின்ன சர்வர் வழியாகத் திறங்கள்.

19. இலவசமா எங்க வெளியிடலாம்? மாத்தி ஏத்தினாலும் பழசே காட்டுதே?

தனிப் பக்கத்துக்கு கிட்ஹப் பேஜஸ் போதும். தளம் 1 ஜிபி வரை, ஒரு கோப்பு 100 எம்பிக்குள். ஊடாடும் அனிமேஷன், விளையாட்டு என்றால் இட்ச் தளத்தில் ஜிப்பாக ஏற்றலாம். இண்டெக்ஸ் கோப்பு ஜிப்பைத் திறந்தவுடன் முதலில் தெரிய வேண்டும், இன்னொரு ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்தால் வெற்றுத் திரைதான்.

பழசே தெரியக் காரணம் கேஷ், அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல். கண்ட்ரோல் எஃப்5 அழுத்தினால் உங்கள் கணினிக்கு மட்டும் சரியாகும், பார்ப்பவர்களுக்கு ஆகாது. கோப்பின் பெயரில் 2, 3 என்று பதிப்பு எண் சேர்த்து ஏற்றி, பக்கத்திலும் அதே பெயரை மாற்றுங்கள்.

20. அனிமேஷன் வந்ததும் கீழே இருக்கிற எழுத்தெல்லாம் குதிக்குது.

படத்துக்கோ வீடியோவுக்கோ அகலமும் உயரமும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எழுதினால் பிரவுசர் முன்கூட்டியே இடம் ஒதுக்கும். திரைக்குக் கீழே இருப்பதை லேஸி லோடிங்கில் (தேவைப்படும்போது மட்டும் இறக்குவது) விடுங்கள், மேலே முதலில் தெரிவதை விடாதீர்கள். திரையைவிட்டு நகர்ந்ததை நிறுத்தி வைக்க இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் உதவும். பேட்டரி மிச்சம்.

21. வாட்ஸ்அப் ஸ்டிக்கரா மாத்தணும். ஏத்துக்க மாட்டேங்குது.

512க்கு 512 பிக்சல், வெப்பி வடிவம், 500 கேபிக்குள், மொத்தம் 10 விநாடிக்கு மிகாமல், ஒரு ஃபிரேம் 8 மில்லிவிநாடிக்குக் குறையாமல். அசையாத ஸ்டிக்கர் என்றால் 100 கேபிதான். ஒரே தொகுப்பில் அசைவதையும் அசையாததையும் கலக்கக் கூடாது. எடை மீறினால் 5ஆம் கேள்வியில் சொன்ன வைத்தியமே, அளவைக் குறைப்பது தவிர.

டெலிகிராமில் வீடியோ ஸ்டிக்கருக்கு விபி9 வெப்எம், 3 விநாடி, 30 ஃபிரேம், 256 கேபி. லாட்டியிலிருந்து வரும் ஸ்டிக்கருக்கு 64 கேபி மட்டுமே.

22. சிலருக்குத் தலை சுத்துதுன்னு சொல்றாங்க. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?

நிறையச் செய்ய முடியும். போன்களிலும் கணினிகளிலும் அசைவைக் குறை என்று ஓர் அமைப்பு உண்டு. ப்ரிஃபர்ஸ் ரிடியூஸ்டு மோஷன் என்ற மீடியா வினவலில் அதை அறிந்து, பெரிய நகர்வுகளை நிறுத்தி மெல்லத் தோன்றி மறைவதை மட்டும் வைக்கலாம். ஜிஃப்புக்கு இது தெரியாது. பிக்சர் குறிச்சொல்லில் அதே வினவலைக் கொடுத்து, அவர்களுக்கு அசையாத படத்தை அனுப்புங்கள். தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் ஓடும் எதற்கும் நிறுத்தும் பட்டன் வேண்டும் என்பது வெப் அணுகல் நெறியான டபிள்யூசிஏஜியின் விதி.

மின்னல் போல வெட்டும் ஒளி வேறு ரகம், அது ஆபத்து. விநாடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிட விடாதீர்கள், அடர்சிவப்பில் இன்னும் கவனம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக வெட்டியதைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

23. சினிமா பாட்டு பத்து செகண்ட் வரை போட்டா பிரச்சினை இல்லையாமே?

அப்படி ஒரு சட்டம் கிடையாது. பத்து விநாடி, முப்பது விநாடி என்பதெல்லாம் வாய்வழிக் கதை. இந்தியாவில் பாடல் வரிக்கும் ஓவியத்துக்கும் படைத்தவர் காலம் முடிந்தும் 60 ஆண்டு உரிமை உண்டு. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கணினியில் தட்டச்சு செய்ய வாங்கியது வலைப்பக்கத்தில் ஏற்றவும் செல்லும் என்று எண்ண வேண்டாம். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இரண்டுக்கும் இலவசம்.

24. தமிழ் எழுத்தை ஒவ்வொண்ணா வர வைக்கிறேன். கொம்பும் காலும் தனித்தனியா புள்ளி வட்டத்தோட வருது!

இணையத்தில் கிடைக்கும் தட்டச்சு அனிமேஷன் நிரல் ஆங்கிலத்துக்கு எழுதியது. அது எழுத்தை வெட்டவில்லை, குறியீட்டை வெட்டுகிறது. "கொடி" நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று நான்கு. முதலில் க தோன்றி, பிறகு அது கொ ஆவதைப் பார்ப்பது எரிச்சல். குறியைத் தனிப் பெட்டிக்குள் போட்டால் புள்ளி வட்டம் வரும். இன்ட்ல் செக்மென்ட்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியில் கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) என்று கேட்டு வெட்டுங்கள். கொ, டி என்று சரியாக இரண்டு கிடைக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் மட்டும் அதிலும் இரண்டாகப் பிளக்கும், அவற்றைக் கையால் சேர்த்துவிட வேண்டும்.

எழுத்துகளைத் தனிப் பெட்டியாக்கினால் வரி மடியும்போது சொல் நடுவில் உடையும். ஒவ்வொரு சொல்லையும் மடியாத ஒரு வெளிப்பெட்டியில் வையுங்கள். திரைவாசிப்பான் எழுத்துக் கூட்டிப் படிக்காமலிருக்க முழு வரியையும் ஏரியா லேபிளில் கொடுத்து, துண்டுகளை அதனிடமிருந்து மறையுங்கள். அகலத்தை ஸ்டெப்ஸில் கூட்டும் சிஎஸ்எஸ் முறை தமிழுக்கு ஒத்துவராது. ர எவ்வளவு, ஔ எவ்வளவு? பாதி எழுத்தில் வெட்டி நிற்கும். அடியிலிருந்து எழும்பி வரும் அசைவில் ஓவர்ஃப்ளோவை மறைத்தால் கூ, மூ போன்றவற்றின் வாலும் கீ, மீ போன்றவற்றின் சுழியும் வெட்டுப்படும். வரி உயரம் குறைந்தது 1.6 வையுங்கள். நேர்மையாகச் சொன்னால், எழுத்து எழுத்தாக வருவதைவிடச் சொல் சொல்லாக வருவது தமிழுக்குப் பார்க்கவும் படிக்கவும் நன்றாக இருக்கிறது.

25. அதே தமிழ் எழுத்து என் மெஷின்ல சரியா இருக்கு, அடுத்தவங்களுக்கு ஆங்கிலக் குப்பையா தெரியுது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்தக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடி போடுகிறது. முகமூடி இல்லாத கணினியில் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, நோட்டோ போன்ற எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து ஏற்றுங்கள். கேன்வாஸில் எழுதுவதாக இருந்தால் எழுத்துரு இறங்கி முடிந்ததா என்று உறுதி செய்த பிறகே முதல் ஃபிரேமை வரையுங்கள். முந்திக்கொண்டு வரைந்தால் வேறு எழுத்துருவில் வரைந்துவிடும், மறுபடி வரையச் சொல்லும் வரை மாறாது.